எதற்காகப் படிக்க வைக்கிறோம்? பள்ளி தேடும் பெற்றோருக்குக் கல்வித் தத்துவங்களின் ஒப்பீடு

எல்.கே.ஜி. விண்ணப்பம் கொடுக்கும் மாதங்களில் பெற்றோரிடையே சுற்றிச் சுற்றி வருவது ஒரே கேள்விதான்: மாண்டிசோரியில் போடலாமா, சி.பி.எஸ்.இ.யா, மெட்ரிக்கா, இல்லை ஊருக்கு வெளியே இருக்கும் அந்த மாற்றுப் பள்ளியா? கட்டணம், தூரம், வேன், ரிசல்ட் எல்லாவற்றையும் விசாரிக்கிறார்கள். பிள்ளையை எப்படிப்பட்ட ஆளாக்க அந்தப் பள்ளி நினைக்கிறது என்று விசாரிப்பவர் குறைவு. ஆனால் கால அட்டவணை, நோட்டுப் புத்தகம், தண்டனை, தேர்வு எல்லாமே அந்த ஒரு நினைப்பிலிருந்து பிறப்பவை.

இந்தக் குழப்பம் இன்று நேற்று வந்ததல்ல. கல்வி பிழைப்புக்கா, நற்பண்புக்கா, உயர்ந்த அறிவுக்கா என்பதில் மக்களிடையே ஒத்த கருத்து இல்லை என்று அரிஸ்டாட்டிலே எழுதி வைத்திருக்கிறார். அதன்பின் வந்த ஒவ்வொரு தத்துவமும் ஒரு பக்கத்தை இறுகப் பிடித்தது. அப்படிப் பிடிக்க இன்னொரு பக்கத்தைக் கைவிட்டது. ஆகவே பெற்றோர் கேட்க வேண்டியது இது: இந்தப் பள்ளி எதைக் கைவிடுகிறது, அதை எங்கள் வீடு ஈடுகட்டுமா? கீழே வரும் ஒப்பீடு முழுவதும் இந்தக் கேள்வியை வைத்தே நடக்கிறது.

## முதலில் அளவுகோல்கள்

படித்து முடித்த பிள்ளை யார்? வெளியே போகும் பிள்ளையிடம் எதைக் கண்டால் "எங்கள் வேலை நிறைவேறியது" என்று பள்ளி சொல்லும்? பாட அறிவா, தானே வேலையைத் தொடங்கி முடிக்கும் பழக்கமா, அச்சமற்ற மனமா?

பாடத்தைத் தீர்மானிப்பது யார்? பாடநூலா, ஆசிரியரா, பிள்ளையா, எதிரே வந்து நிற்கும் சிக்கலா?

தப்பு என்ன ஆகிறது? சிவப்பு மையில் அடிபடுகிறதா, கையிலிருக்கும் பொருளே காட்டிக்கொடுக்கிறதா, பேசித் தீர்க்கப்படுகிறதா? இதை மட்டும் கவனித்தாலே பள்ளியின் தத்துவம் பாதி விளங்கிவிடும்.

எட்டு வயதில் என்ன தெரிந்திருக்கும்? சரளமான வாசிப்பும் கடன் வாங்கிக் கழித்தலும் எல்லா வழியிலும் ஒரே வயதில் வருவதில்லை.

வாரியத் தேர்வுக்கும் வேறு பள்ளிக்கும் போகப் பாலம் எங்கே இருக்கிறது? எங்கே படித்தாலும் முடிவில் ஏதோ ஒரு வாரியத்தின் பத்தாம் வகுப்புத் தேர்வு காத்திருக்கிறது. நடுவில் வேலை மாற்றலும் வரலாம்.

மறைவான செலவு. கட்டண ரசீதில் வராதவை: டியூஷன், பயண நேரம், பெற்றோர் மாற்றிக்கொள்ள வேண்டிய வீட்டுப் பழக்கம், பள்ளி மாறும்போது பிள்ளை அனுபவிக்கும் திணறல்.

| வழி | குறிக்கோள் | பாடத்தைத் தீர்மானிப்பது | தப்பைக் காட்டுவது | நடுவில் மாறினால் | வீடு ஈடுகட்ட வேண்டியது |
|---|---|---|---|---|---|
| வழக்கமான வாரியப் பள்ளி | சேர்ந்த அறிவை ஒப்படைத்தல் | பாடநூல் | ஆசிரியர், தேர்வு | எளிது | கேள்வி கேட்கும் துணிவு, கைவேலை |
| மாண்டிசோரி | தானே இயங்கும் பிள்ளை | வயதுக்கேற்ற சாதனங்களில் பிள்ளையின் தேர்வு | சாதனம் | 6 வயதில் எளிது | கூட்டு விளையாட்டு, தமிழ் எழுத்து |
| ஜான் டூயி | சேர்ந்து சிந்திக்கும் குடிமகன் | சிக்கல் | செயலின் விளைவு | நடுத்தரம் | வாய்ப்பாடு, எழுத்துப் பயிற்சி |
| ஸ்டைனர் | பருவத்துக்கேற்ற முழு வளர்ச்சி | ஆசிரியர் | ஆசிரியர் | 1, 2-ஆம் வகுப்பில் கடினம் | பொறுமை |
| கிருஷ்ணமூர்த்தி | அச்சமும் ஒப்பீடும் அற்ற மனம் | ஆசிரியரும் பிள்ளையும் | உரையாடல் | நடுத்தரம் | போட்டிச் சூழலுக்குப் பழக்கம் |
| காந்தியின் ஆதாரக் கல்வி | கையும் அறிவும் இணைந்த உழைப்பாளி | தொழில் | செய்த பொருள் | கடினம் | நூல் வாசிப்பு |

## வழக்கமான வாரியப் பள்ளி

சமச்சீர் (அரசுப் பள்ளிகளும் மெட்ரிக் பள்ளிகளும் நடத்தும் மாநிலப் பாடத்திட்டம்), சி.பி.எஸ்.இ. என்று வாரியம் வேறானாலும் அடியில் ஓடும் கொள்கை ஒன்றே. மனிதர் சேர்த்து வைத்த அறிவில் எல்லோருக்கும் இன்றியமையாத பகுதி ஒன்று உண்டு. அதை வரிசை குலையாமல் அடுத்த தலைமுறையின் கையில் ஒப்படைப்பதே பள்ளியின் கடமை. அமெரிக்காவில் வில்லியம் பாக்லி 1938-இல் இதைத் தனிக் கொள்கையாகவே முன்வைத்தார். பிள்ளைக்கு ஆர்வம் பிறக்கும்வரை காத்திராமல், தெரிந்தவர் தெரியாதவருக்கு நேரடியாகச் சொல்லிக் கொடுப்பது இந்த வழி.

இதைப் பழமை என்று ஒதுக்குவது சரியல்ல. வீட்டில் புத்தகமே இல்லாத, பெற்றோர் இருவரும் கூலிக்குப் போகும் குடும்பத்துப் பிள்ளைக்கு, தெளிவாகச் சொல்லிக் கொடுத்து, திரும்பக் கேட்டு, நோட்டைத் திருத்தித் தரும் ஆசிரியர் பெரும் செல்வம். "தானாகக் கண்டுபிடி" என்று விட்டால், வீட்டில் ஏற்கனவே பாதி கேட்டுவிட்டு வந்த பிள்ளைதான் முதலில் கண்டுபிடிக்கும்.

கெடுவது எங்கே? ஒப்படைத்தல் என்ற குறிக்கோள் தேர்வுப் பயிற்சியாகச் சுருங்கும் இடத்தில். ஒன்பதாம் வகுப்பிலேயே பத்தாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்குவதும், பிளஸ் ஒன் பாடத்தை விட்டுவிட்டுப் பிளஸ் டூவுக்குத் தாவுவதும் தமிழ்நாட்டில் பல ஆண்டுகள் நடந்தன. 2017-18-இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டதற்கு இதுவே முக்கியக் காரணம். வரிசையாக ஒப்படைப்பதே கொள்கை என்றால், ஒரு படியைத் தாண்டிக் குதிப்பது அந்தக் கொள்கைக்கே செய்யும் துரோகம். இந்தப் பள்ளிகளில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: "ஒன்பதாம் வகுப்பில் எந்தப் புத்தகம் நடத்துகிறீர்கள்?" நேரான பதில் வந்தால் நல்ல பள்ளி.

மறைவான செலவு டியூஷன். வகுப்பில் 45 பேர் இருந்தால் ஒரு பீரியடில் தலைக்கு ஒரு நிமிடம்கூட வராது. அந்த இடைவெளியை மாலை நேரம் விழுங்கிக்கொள்கிறது.

## மாண்டிசோரி

1907 ஜனவரியில் ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் மருத்துவர் மரியா மாண்டிசோரி தம் முதல் ‘குழந்தைகள் இல்ல’த்தைத் திறந்தார். நமக்கும் அவருக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1939-இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாறுக்கு வந்தார். போர் மூண்டதும் இத்தாலியக் குடிமகள் என்பதால் ஊர் திரும்ப முடியாமல், அடையாறிலும் கொடைக்கானலிலுமாக 1946 வரை இந்தியாவிலேயே தங்கி ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார்.

அவர் குறிக்கோள் சுருக்கமானது: பெரியவர் தூண்டாமலே வேலையில் ஆழும் பிள்ளை. பிள்ளையை இயற்கையின் போக்கில் வளரவிட வேண்டும் என்று பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரூசோ தொடங்கிவைத்த இயற்கைவாதத்தின் வேர் இதில் உண்டு. ஆனால் ரூசோவின் பிள்ளை வெளியில் கிடந்த இயற்கையிடம் கற்றது. மாண்டிசோரி சூழலையே அளந்து செய்தார். இளஞ்சிவப்புக் கோபுரத்தில் 10 கனசதுரங்கள், பக்கம் 1 செ.மீ. முதல் 10 செ.மீ. வரை. குமிழ் வைத்த உருளைகள் 10 கொண்ட கட்டை நான்கு. ஓர் உருளையைத் தவறான குழியில் போட்டால் கடைசியில் ஒன்று பொருந்தாமல் கையில் நிற்கும். ஆசிரியர் "தப்பு" என்று சொல்ல வேண்டியதில்லை. பொன்மணிகளில் (எண்களைக் காட்டும் மணிச் சாதனம்) 1, 10, 100, 1000 என்பவற்றைக் கையில் எடைபோட்டுப் பார்த்த பிள்ளைக்குக் கடன் வாங்கிக் கழித்தல் பிறகு மந்திரமாகத் தோன்றாது.

பெயருக்கு யாரும் உரிமையாளர் இல்லை. எந்தப் பள்ளியும் பலகையில் ‘மாண்டிசோரி’ என்று எழுதிக்கொள்ளலாம். ஆகவே நான்கு இடங்களில் பாருங்கள்.

ஒன்று, இடையூறில்லாத வேலை நேரம் சுமார் மூன்று மணி நேரம் இருக்க வேண்டும். அதை 40 நிமிட பீரியடுகளாக வெட்டினால், பிள்ளை ஆழத் தொடங்கும்போது மணி அடித்துவிடும். இரண்டு, 3 முதல் 6 வயதுவரை ஒரே அறையில் இருக்க வேண்டும். மூன்று, ஒவ்வொரு சாதனமும் அறையில் ஒன்றே இருந்தால் நல்லது. காத்திருக்கவும் விட்டுக்கொடுக்கவும் பழகுவது அதனால்தான். கண்ணாடி அலமாரியில் பூட்டி, பார்வையாளருக்குக் காட்ட மட்டும் எடுத்தால் எழுந்து வந்துவிடலாம்.

நான்காவதை நம் ஊரில் அழுத்திக் கேட்க வேண்டும்: தமிழ் மணல்தாள் எழுத்துகள் (விரலால் தடவிப் பழக மணல்தாளில் வெட்டியவை) உண்டா? மாண்டிசோரியின் எழுத்துமுறை இத்தாலிய மொழிக்கு உருவானது. ஒலிக்கு ஓர் எழுத்து, அடுத்தடுத்து வைத்தால் சொல். தமிழில் ‘க்’கும் ‘ஓ’வும் சேர்ந்தால் ‘கோ’. கொம்பு முன்னே, கால் பின்னே. 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய் என்ற அமைப்புக்குத் தனிச் சாதனம் செய்யாத பள்ளியில் பிள்ளை ஆங்கிலத்தை விரலால் தடவிக் கற்கும். தமிழை மட்டும் பலகையைப் பார்த்து எழுதும். எந்த மொழி கைக்கு நெருக்கமாகும் என்பது சொல்லாமலே விளங்கும்.

மறைவான செலவு மூன்றாம் ஆண்டில் வரும். ஐந்து வயதில் "பெரிய ஸ்கூல்ல சீட் கிடைச்சிருச்சு" என்று பிள்ளையை எடுத்துவிடுகிறார்கள். முந்தைய இரண்டு ஆண்டின் விதைப்பு அறுவடையாவதும், சிறியவர்களுக்குத் தான் காட்டிக் கொடுப்பதும் அந்த மூன்றாம் ஆண்டில்தான். எடுப்பதாக இருந்தால் சேர்க்கும்போதே அதைக் கணக்கில் வையுங்கள்.

## டூயியின் பயன்வழிக் கொள்கை: செயல்திட்டப் பள்ளிகள்

"பிராஜெக்ட் அடிப்படையிலான கல்வி" என்று விளம்பரம் செய்யும் பள்ளிகளின் மூதாதை அமெரிக்கத் தத்துவவாதி ஜான் டூயி. 1896-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சோதனைப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். கல்விக்கு வெளியே ஓர் இறுதி இலக்கு கிடையாது, மேலும் வளரும் திறனே இலக்கு என்றார். அந்த வளர்ச்சி சேர்ந்து வாழ்வதில் நடப்பதால், பள்ளி சிறிய மக்களாட்சியாக இருக்க வேண்டும் என்பது அவர் முடிவு. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவரிடம் பயின்ற அம்பேத்கர், மக்களாட்சி என்பது ஆட்சிமுறை மட்டுமன்று, கூடி வாழும் முறை என்ற கருத்தை இந்தியச் சாதிச் சமூகத்தின் முன் வைத்தார். தத்துவம் வகுப்பறையைத் தாண்டி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இது போதும்.

நல்ல செயல்திட்டம் எப்படி இருக்கும்? அந்தச் சிகாகோப் பள்ளியின் ஒரு வகுப்பு: பிள்ளைகளிடம் பருத்திக் காய்களைக் கொடுத்து, பஞ்சையும் கொட்டையையும் கையால் பிரிக்கச் சொன்னார்கள். அரைமணி நேரம் உழைத்தும் ஓர் அவுன்ஸ், அதாவது 28 கிராம்கூடத் தேறவில்லை. கொட்டை நீக்கும் இயந்திரம் வருமுன் அவர்களுடைய முன்னோர் ஏன் பெரும்பாலும் கம்பளி உடுத்தினார்கள் என்பது அப்போது கைக்கே விளங்கியது. வரலாறு, கணக்கு, நார்களின் அறிவியல் மூன்றும் ஒரே வேலைக்குள் வந்துவிட்டன.

கெட்ட செயல்திட்டம் நமக்கு நன்றாகத் தெரியும். ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு ஸ்டேஷனரி கடையில் தெர்மாகோல் வாங்கி, அப்பா வெட்ட, அம்மா ஒட்ட, திங்கட்கிழமை பிள்ளை தூக்கிக்கொண்டு போகும் எரிமலை. வேறுபாடு காண ஒரே சோதனை போதும்: வேலை நடுவில் சிக்கி நிற்கும் இடத்தில் பிள்ளைக்கு ஒரு பாடம் தேவைப்படுகிறதா? பின்னம் தெரியாமல் அடுத்த அடி எடுக்க முடியாது என்ற நிலை வந்தால் அது டூயி. பாடம் முடிந்தபின் அலங்காரமாகச் செய்தால் அது கைவினைப் போட்டி. தம் பெயரால் நடந்த பள்ளிகளில் ஒழுங்கற்ற செயல்கள் பெருகியதை டூயியே 1938-இல் கண்டித்து எழுதினார்.

இந்த வழி ஆசிரியரை அதிகம் நம்புகிறது. பருத்தியிலிருந்து எந்தக் கணக்கு வரும் என்று முன்கூட்டியே அறிந்த ஆசிரியர் வேண்டும். அவர் ஆண்டுக்கு ஆண்டு மாறினால் பள்ளியில் மிஞ்சுவது எரிமலைதான். வாய்ப்பாடும் எழுத்துப்பிழை திருத்தமும் இங்கே நழுவும். தினம் 15 நிமிடம் வீட்டில் உட்கார வைக்க முடிந்தால் அது பெரிய குறையில்லை.

## ஸ்டைனர் பள்ளிகள்

1919-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில், வால்டார்ஃப் அஸ்டோரியா சிகரெட் ஆலைத் தொழிலாளரின் பிள்ளைகளுக்காக ருடால்ஃப் ஸ்டைனர் தொடங்கிய வழி. ஏழாண்டுக்கு ஒரு பருவம். பால்பல் விழும் வயதுவரை எழுத்து, கணக்கு என்று முறையாக எதுவும் இல்லை, கதையும் பாட்டும் சமையலும் தோட்டமும்தான். பிறகு காலையில் சுமார் இரண்டு மணி நேரம் ஒரே பாடம், மூன்று நான்கு வாரங்களுக்குத் தொடர்ந்து. பாடநூலுக்குப் பதில் பிள்ளைகள் தாங்களே எழுதி வரையும் நூல். வகுப்பு ஆசிரியர் ஒருவரே எட்டு ஆண்டுவரை கூட வரலாம். ஒத்துப்போனால் அது வரம், ஒத்துப்போகாவிட்டால் எட்டு ஆண்டு.

இதன் பின்னணியில் ஸ்டைனரின் ஆன்மிகக் கோட்பாடு இருக்கிறது. பள்ளி அதை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்கிறது என்று சேர்க்குமுன் கேளுங்கள். வீட்டில் டி.வி.யும் மொபைலும் குறைய வேண்டும் என்று கேட்பார்கள். கூட்டுக்குடும்பத்தில் இது எளிதல்ல. முக்கியமான எச்சரிக்கை: மாற்றலாகும் வேலையில் இருப்பவர்கள் யோசிக்க வேண்டும். இரண்டாம் வகுப்பில் வேறு பள்ளிக்குப் போனால், அங்கே எல்லோரும் வாசிக்கும்போது உங்கள் பிள்ளை வாசிக்காது. திறமைக் குறைவு என்று அங்கே முத்திரை குத்திவிடக்கூடும்.

## கிருஷ்ணமூர்த்தி பள்ளிகள்

ஆந்திராவின் மதனப்பள்ளியில் 1895-இல் பிறந்த தத்துவச் சிந்தனையாளர் ஜே. கிருஷ்ணமூர்த்தியின் சிந்தனை வழியில் அவ்வூர் அருகே ரிஷிவேலி, வாரணாசியில் ராஜ்காட், சென்னையில் 1973-இல் தொடங்கிய பள்ளி ஆகியவை நடக்கின்றன. அவர் வாதம் நேரானது: ஒப்பிடும்போது அச்சம் பிறக்கிறது, அஞ்சும் மனம் கற்காது. ஆகவே கீழ் வகுப்புகளில் ரேங்க் இல்லை, பரிசு இல்லை. தன்னைத்தானே கவனித்து அறிவது பாடங்களுக்கு இணையான கல்வி.

முறை என்று ஒன்றை வகுத்துத்தர அவர் மறுத்தார். மாண்டிசோரிக்குச் சாதனம் இருக்கிறது, இங்கே ஆசிரியர் மட்டுமே. மேல்வகுப்பில் வழக்கமான வாரியத் தேர்வுகளுக்கே பிள்ளைகள் போகிறார்கள் என்பதால் பாலம் உறுதியானது. இடங்கள் குறைவு, கட்டணம் நடுத்தரக் குடும்பத்துக்குக் கனம், பயிற்றுமொழி பெரும்பாலும் ஆங்கிலம். எல்லாவற்றையும் விடப் பெரிய செலவு வீட்டில்: "சித்தப்பா பையன் எத்தனை மார்க்?" என்று ஒரு கல்யாண வீட்டில் கேட்டால் போதும், பள்ளி ஓராண்டு செய்ததை அது கலைத்துவிடும்.

கட்டணம் எட்டாதவர்களுக்கு ஒரு செய்தி. ரிஷிவேலியின் கிராமப்புறக் கல்வி மையம் பலவயது வகுப்புகளுக்காக அட்டை, ஏணி என்ற முறையை உருவாக்கியது: பிள்ளை ஏணியில் தான் நிற்கும் படியைப் பார்த்து, அதற்குரிய அட்டையை எடுத்து, தன் வேகத்தில் மேலே போகும். இதையே சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 2003 முதல் ‘செயல்வழிக் கற்றல்’ என்று எடுத்துக்கொண்டன. பிறகு அது தமிழகம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. ஆசிரியர் பாயில் உட்கார்ந்தார். கரும்பலகை பிள்ளையின் கை எட்டும் உயரத்துக்கு இறங்கியது. 2022-இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்ததிலும் வகுப்பைவிடப் பிள்ளையின் நிலையே முதன்மை என்ற எண்ணம் தெரிகிறது. அருகிலுள்ள அரசுத் தொடக்கப் பள்ளியைப் பார்க்காமலே பட்டியலிலிருந்து நீக்காதீர்கள்.

## காந்தியின் ஆதாரக் கல்வி

ஒரு கைத்தொழிலின் வழியே மற்றப் பாடங்களையும் கற்பிப்பது ஆதாரக் கல்வி. 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய மாநாட்டுக்குப் பின், இதற்குப் பாடத்திட்டம் வகுத்த ஜாகிர் உசேன் குழு பள்ளியின் ஒரு நாளைப் பங்கிட்டது: மொத்தம் ஐந்தரை மணி நேரம், அதில் தொழிலுக்கு மட்டும் 3 மணி 20 நிமிடம். தாய்மொழிக்கு 40 நிமிடம்; இசை, ஓவியம், கணக்கு மூன்றுக்கும் சேர்த்து 40; சமூகமும் அறிவியலும் 30. தக்ளியில் (கையால் சுழற்றி நூல் நூற்கும் சிறு கதிர்) நூற்கும்போதே நீளம், எடை, பருத்தியின் வரலாறு எல்லாம் வர வேண்டும் என்பது எண்ணம். டூயியின் பருத்தி வகுப்போடு உறவுள்ளதுதான், ஒரு வேறுபாட்டோடு: இங்கே நூல் விற்க வேண்டும், பள்ளியின் செலவு அதிலிருந்து வர வேண்டும். அங்கேதான் ஆபத்து. விற்பனை குறிக்கோளானால், கற்பதற்காகத் தப்பு செய்யும் உரிமை பிள்ளைக்குப் போய்விடும்.

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு 1953-க்குப் பின் வேறு பொருள் பெற்றது. ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளி நேரத்தை 3 மணி நேரமாக்கி, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்றது. ‘குலக்கல்வித் திட்டம்’ என்று பெரியாரும் திராவிட இயக்கமும் எதிர்த்தன. 1954-இல் ராஜாஜி பதவி விலக, காமராசர் ஆட்சியில் திட்டம் கைவிடப்பட்டது. எல்லாப் பிள்ளைகளும் ஒரு தொழிலைச் சேர்ந்து பழகுவது ஒன்று. தகப்பன் தொழிலை அவன் மகன் பழகுவது முற்றிலும் வேறு. கைத்தொழிலைப் பெருமையாகச் சொல்லும் எந்தப் பள்ளியிலும் இதைக் கேட்கலாம்: தோட்டமும் துடைப்பமும் எல்லாக் கைக்கும் வருகிறதா, சிலர் கைக்கு மட்டுமா?

முழுநேர ஆதாரப் பள்ளி இன்று அரிது.

## எந்த வீட்டுக்கு எது

தாத்தா பாட்டி கதை சொல்ல, அலமாரியில் புத்தகம் இருக்க, மாலையில் ஒருவர் வீட்டில் இருக்க முடிந்தால் மாண்டிசோரி, டூயி, ஸ்டைனர் மூன்றும் தாங்கும். இருவரும் இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பினால், தெளிவாகச் சொல்லிக் கொடுத்து நோட்டைத் திருத்தும் நல்ல வாரியப் பள்ளியே பாதுகாப்பு. மூன்றிலிருந்து ஆறு வயதுவரை மட்டும் மாண்டிசோரி என்பது இடைவழி. மூன்றாண்டுக்கு ஒருமுறை மாற்றலாகும் குடும்பத்துக்கு சி.பி.எஸ்.இ. வசதி. அச்சத்தால் பேச்சே குறைந்துபோன பிள்ளைக்கு, மற்ற எல்லாவற்றையும் தள்ளிவைத்து, ரேங்க் இல்லாத பள்ளியைத் தேடுங்கள்.

## போய்ப் பார்க்கும் நாளில்

ஆண்டு விழாவுக்குப் போகாதீர்கள். சாதாரண செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அனுமதி கேட்டு, ஒரு வகுப்பில் 40 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் நோட்டைக் கேட்டு வாங்கித் தப்புகள் எப்படிக் குறிக்கப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். நான்கு ஆசிரியர்களிடம் இங்கே எத்தனை ஆண்டு என்று கேளுங்கள். கடைசியாக டி.சி. வாங்கிப் போன பிள்ளைகள் எங்கே சேர்ந்தார்கள், எந்த வகுப்பில் என்பதும் தேவை. மெட்ரிக் பள்ளியானால் கட்டண நிர்ணயக் குழுவின் ஆணையைக் காட்டச் சொல்லலாம்.

சில மாற்றுக் கற்றல் மையங்களுக்கு வாரிய அங்கீகாரம் இருக்காது. அங்கே படிப்பவர் தேசியத் திறந்தநிலைப் பள்ளி (என்.ஐ.ஓ.எஸ்.) வழியாகப் பத்தாம் வகுப்பு எழுதலாம்; அதற்கு 14 வயது நிறைந்திருக்க வேண்டும். இதை எட்டாம் வகுப்பில் கேட்காமல் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாற்ற நேர்ந்தால் நேரம் முக்கியம். மாண்டிசோரியிலிருந்து ஆறு வயது முடிந்தபின். ஸ்டைனரிலிருந்து வாசிப்பு கைவந்தபின், நான்காம் வகுப்புக்கு மேல். டூயி, கிருஷ்ணமூர்த்தி வழிகளிலிருந்து ஆறாம் வகுப்பிலோ எட்டிலோ. அப்போது பழக ஓராண்டாவது கிடைக்கும். பத்தாம் வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தால் பிள்ளை புதிய பாடம், புதிய தேர்வுமுறை, புதிய நண்பர்கள் மூன்றையும் ஒரே ஆண்டில் சுமக்க வேண்டியிருக்கும்.